"ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டேன்": அப்படியா?

1/
போலீஸ் ஒரு ஆளைக் கைது பண்ணி முகத்துல துண்டைப் போட்டு மூடிக் கூட்டிட்டுப் போற வீடியோ எது வந்தாலும், கீழ கமெண்ட்ல ஒரே கோபம். "குற்றவாளிக்கு என்னய்யா மரியாதை? முகத்தக் காட்டு. ஒரு தடவ பாத்தா போதும், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தப் பத்திதான் இந்த நீண்ட த்ரெட். அது தப்பு. சொல்றவர் பொய் சொல்லல, மனசார நம்பித்தான் சொல்றார். ஆபத்தே அங்கதான் இருக்கு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/
நான் எம்.பி.பி.எஸ். முடிச்ச அரசு மருத்துவர். வேலை வேப்பூர் வட்டாரத்துல. நரம்பியல் நிபுணரும் இல்ல, வக்கீலும் இல்ல. ஆனா சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரத்துல கேஷுவால்டி டியூட்டி பாக்குறவனுக்கு "இது யாரு?"ங்கிற கேள்வி தினமும் வரும். விபத்துல நினைவில்லாம வர்ற ஆள். "எங்க வீட்டுக்காரர்தானான்னு பாக்கணும் சார்"னு ஓடி வர்ற அம்மா. பிணவறை வாசல்ல நிக்கிற சொந்தக்காரங்க. அப்புறம், ஊரே சேர்ந்து அடிச்சு, "இவன்தான் சார் திருடன், நல்லா தெரியும்"னு கொண்டு வந்து போடுற ஆள்.

3/
விபத்து, அடிதடின்னு யார் வந்தாலும் சிகிச்சையோட சேர்த்து ஏ.ஆர். போடுவோம், அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். பேர், வயசு, ஊர், எங்க எப்படி அடிபட்டதுன்னு எழுதுற அதே பக்கத்துல அங்க அடையாளம் ரெண்டு எழுதணும். "வலது கன்னத்தில் கருப்பு மச்சம்." "இடது முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு." நான் மச்சம் தேடும்போது சில பேர் சிரிப்பாங்க. "இது எதுக்கு சார், அதான் என் மூஞ்சி இருக்கே?"

ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்டுல கூண்டுல ஏத்தி, "நீங்க சிகிச்சை குடுத்தது இவருக்குத்தானா டாக்டர்?"னு கேப்பாங்க. அன்னைக்கு எனக்கு உங்க மூஞ்சி ஞாபகம் இருக்கும்னு சட்டமும் நம்பல, மருத்துவமும் நம்பல. அதனாலதான் மச்சம்.

4/
ஆஸ்பத்திரிக்குள்ளயும் இதே கதைதான். மருந்து குடுக்கும் முன்னாடி, ரத்தம் ஏத்தும் முன்னாடி, குறைஞ்சது ரெண்டு அடையாளம் (பேர், பிறந்த தேதி மாதிரி) சரிபாருங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "இவரத் தெரியும், நேத்து நான்தான் ஊசி போட்டேன்"ங்கிறது அந்தக் கணக்குல வராது. பிரசவ வார்டுல குழந்தை பிறந்ததும் கையில டேக் கட்டுறோம். "பெத்தவளுக்குத் தெரியாதா?"ன்னு பாட்டிமார் கேப்பாங்க. தெரியும்தான் பாட்டி, இருந்தாலும் கட்டுவோம்.

5/
எங்க ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியக்காலைல வந்து பாருங்க. நமக்கு எல்லா ஆடும் ஒண்ணுதான். வளர்த்தவருக்கு ஒவ்வொண்ணும் ஒரு முகம். நூறு ஆட்டுக்குள்ள தன்னோடத விரல் நீட்டிக் காட்டுவார். ஆனா அவரும் காதுல வெட்டு போட்டு, முதுகுல சாயம் பூசித்தான் ஓட்டிட்டு வருவார். முகம் தெரியும்னு தெரிஞ்சும் அடையாளம் போடுறார் பாருங்க, கமெண்ட் போடுறவங்க கத்துக்க வேண்டியது அவர்கிட்டதான்.

(கொசுறு: செம்மறி ஆடுகளே மத்த செம்மறிகளோட முகத்த, ஐம்பது முகம் வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு மேல ஞாபகம் வெச்சிருந்ததா 2001ல 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஆட்டைக் கிண்டல் பண்றத நிறுத்திக்கலாம்.)

6/
இப்ப விஷயத்துக்கு வர்றேன். முகம் அடையாளம் காண்றதுங்கிறது ஒரே வேலை இல்ல. தெரிஞ்ச முகம் வேற, தெரியாத முகம் வேற. தெரிஞ்ச முகத்துல நாம எல்லாருமே ராஜா. உங்க சித்தப்பாவ இருட்டுல, பின்னாடிலேர்ந்து, இருபது வருஷம் பழைய போட்டோல கூட கண்டுபிடிச்சிடுவீங்க. ஒரு சராசரி மனுஷனுக்கு சுமார் ஐயாயிரம் முகம் தெரியும்னு 2018ல இங்கிலாந்துல ஒரு ஆய்வுல கணக்குப் போட்டாங்க. சொந்தம், ஊர், பள்ளிக்கூடம், சினிமா, அரசியல் எல்லாம் சேர்த்து. ஆளுக்கு ஆள் ஆயிரத்துல இருந்து பத்தாயிரம் வரைக்கும் மாறுதாம்.

இது நிஜமாவே பெரிய திறமை. சிக்கல் என்னன்னா, இந்தத் திறமைய வெச்சுக்கிட்டுத்தான் இன்னொரு வேலைக்கும் நமக்கு நாமே மார்க் போட்டுக்கிறோம்.

7/
அந்த இன்னொரு வேலை, தெரியாத முகம். இதுல நாம எவ்வளவு மோசம்னு காட்ட 2011ல ஒரு சோதனை பண்ணாங்க. நாற்பது போட்டோ. நெதர்லாந்துல பிரபலமான ரெண்டே ரெண்டு பெண்கள், ஆளுக்கு இருபது படம். இங்கிலாந்து ஆட்கள்கிட்ட சீட்டுக்கட்டு மாதிரி குடுத்து, "ஒரே ஆளோட படத்தயெல்லாம் ஒண்ணா அடுக்குங்க, இதுல எத்தன பேர் இருக்காங்கன்னு சொல்லுங்க"ன்னாங்க.

சராசரியா ஏழெட்டு பேர்னு அடுக்கினாங்க. இருந்தது ரெண்டு பேர். அதே படங்களை அந்தப் பெண்களைத் தெரிஞ்ச டச்சுக்காரங்ககிட்ட குடுத்தப்போ, "ரெண்டு பேர்தானே"ன்னு அலட்டிக்காம சொல்லிட்டாங்க.

கவனிங்க, இதுல ஞாபகமே தேவை இல்ல. படம் கண்ணு முன்னாடி இருக்கு, எவ்வளவு நேரம் வேணா பாக்கலாம். அப்பவே இந்தக் கதி. இருட்டுல பஸ் ஸ்டாண்டுல அஞ்சு செகண்ட் பாத்த முகத்த மூணு மாசம் கழிச்சு சொல்றது எப்படி இருக்கும்?

8/
தமிழ் சினிமாவுல ஹீரோ கன்னத்துல ஒரு மரு ஒட்டிக்கிட்டு மாறுவேஷம் போட்டா நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். "வில்லனுக்குக் கண்ணு தெரியலயா?"ன்னு. நமக்கு அது முப்பது படத்துல பாத்த முகம், அதனால மரு எடுபடல. வில்லன் அந்த ஆளை ஒரே ஒரு தடவ பாத்தவன். முடி, மீசை, கண்ணாடி மாறினாலே தெரியாத முகம் கை நழுவிடும்னுதான் ஆய்வுகள் சொல்லுது. நம்ம இயக்குநர்கள் தெரியாமலே அறிவியல் எடுத்திருக்காங்க.

9/
"எனக்கு முகம் மறக்காது"ன்னு ஏன் இவ்வளவு பேர் நம்புறோம்? என் கணக்குல முக்கியமான காரணம் இது: இந்தப் பரீட்சையில தப்பு போட்டா நமக்குத் தெரியவே தெரியாது. ஒருத்தரோட பேர் மறந்தா உறைக்கும், நாக்கு நுனில நிக்கும், அசிங்கமா இருக்கும். ஒருத்தரோட முகமே மறந்து போச்சுன்னா? அவர் பக்கத்துல வந்து டீ குடிச்சிட்டுப் போயிடுவார். நமக்கு அவர் யாரோ ஒருத்தர். தோத்ததே தெரியாது. ஜெயிச்சது மட்டும் "பாத்தியா, எப்படிக் கண்டுபிடிச்சேன்!"னு கணக்குல ஏறும். தோல்வியே பதிவாகாத ரெஜிஸ்டர்ல எல்லாரும் நூத்துக்கு நூறுதான்.

10/
சின்ன சோதனை. இன்னைக்குக் காலைல நீங்க ஏறின பஸ்ஸோட கண்டக்டர். இல்லன்னா பெட்ரோல் போட்ட பையன். எதிர்ல நின்னு, காசு குடுத்து, சில்லறை வாங்கினீங்க. இப்ப கண்ண மூடி அந்த முகத்தக் கொண்டு வாங்க. மூக்கு எப்படி? நெத்தி? அவரோட தம்பி வந்து நின்னா வித்தியாசம் தெரியுமா?

"நான் அப்ப கவனிக்கல சார், கவனிச்சிருந்தா தெரியும்"னு சொல்லுவீங்க. இருங்க, அதுக்கும் வர்றேன்.

11/
"நான் முகம் ஞாபகம் வெச்சுக்கிறதுல கில்லாடி"ன்னு சொல்றவங்களுக்கு முறையா டெஸ்ட் வெச்சா என்ன ஆகுது? கேம்பிரிட்ஜ் முக நினைவுத் தேர்வுன்னு ஒண்ணு 2006ல இருந்து புழக்கத்துல இருக்கு. ஆறு முகத்தப் பழக்கிட்டு, வேற கோணத்துல, மங்கலான வெளிச்சத்துல கண்டுபிடிக்கச் சொல்லும். தன்னைப் பத்தி ஆளுங்க சொன்னதுக்கும் அதுல வாங்கின மார்க்குக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்யுது, ஆனா மிதமாத்தான். ரொம்ப மோசமானவங்களுக்கு ஓரளவு தெரியுது. நடுவுல இருக்கிற நம்ம மாதிரி கூட்டம்தான் குத்துமதிப்பா அடிச்சு விடுது.

ஒரு கோடில 'முகக் குருடு' இருக்கு. மூளையோட வலது பக்கக் கீழ்ப்பகுதியில பக்கவாதத்தாலயோ அடியாலயோ பாதிப்பு வந்தா வரலாம். எந்த அடியும் இல்லாம பிறவிலயே இருக்கிறவங்களும் சுமார் நூத்துக்கு ரெண்டு பேர்னு மதிப்பிடுறாங்க. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்தது. எதிர்ல வந்த தாடிக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம்தான் அது கண்ணாடின்னு புரிஞ்சதா எழுதியிருக்கார். கல்யாண வீட்டுல உங்களைப் பாத்தும் பாக்காத மாதிரி போறவரெல்லாம் திமிர் பிடிச்சவர் இல்ல.

12/
அனுபவம் இருந்தா சரியாயிடுமா? அரசு மருத்துவர்ங்கிறதால எங்ககிட்ட போட்டோ அட்டெஸ்ட் பண்ண வருவாங்க. படத்தப் பாத்து, ஆளைப் பாத்து, பச்சை மையில கையெழுத்து. எவ்வளவு கம்பீரமான வேலை! ஆஸ்திரேலியாவுல இதையே முழுநேர வேலையா பாக்குற பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதிச்சு 2014ல ஒரு ஆய்வு வெளியாச்சு. எதிர்ல நிக்கிற ஆளும் அட்டையில இருக்கிற படமும் வேற வேற ஆளா இருந்தப்போ, நூத்துக்கு 14 தடவ "சரி, இவர்தான்"னு விட்டுட்டாங்க. இருபது வருஷ சர்வீஸ்காரரும் புதுசா சேர்ந்தவரும் ஒண்ணுதான். கூட வெச்சு ஒப்பிட்டுப் பாத்ததுல காலேஜ் பசங்களவிட அவங்க மேல இல்ல.

"இருபது வருஷமா ஜனங்களப் பாக்குறேன், மூஞ்சியப் பாத்தாலே தெரியும்"ங்கிற டயலாக்க இனிமே யார் சொன்னாலும் இதை ஞாபகப்படுத்துங்க. டாக்டரா இருந்தாலும் சரி.

13/
நாம ஏமாறுற இன்னொரு இடம். நமக்குத் தெரிஞ்ச முகம் ஊருக்கே சுலபம்னு நினைச்சுக்கிறோம். இங்கிலாந்து ஆட்களுக்கும் ஆஸ்திரேலிய ஆட்களுக்கும் ரெண்டு நாட்டுப் பிரபலங்களோட படங்களைக் காட்டி, "தெரியாதவங்க இதை எவ்வளவு சரியா பொருத்துவாங்க?"னு கேட்டாங்க. அவங்கவங்க தனக்குத் தெரிஞ்ச முகத்தத்தான் "ரொம்ப சுலபம்"னாங்க. சிசிடிவி படத்தப் போட்டு "இவன் மூஞ்சி இவ்வளவு தெளிவா இருக்கே, இன்னும் பிடிக்கலயா?"ன்னு போலீஸத் திட்டும்போது நடக்கிறதும் இதுதான். பத்து தடவ பாத்துப் பாத்து உங்களுக்கு அது பழகின முகமாயிடுச்சு. ஊருக்கு ஆகல.

சிசிடிவின்னதும் ஒண்ணு. தெளிவான வீடியோ படத்தயும் பத்து போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பொருத்தச் சொன்னா, தெரியாத முகத்துல சுமார் 70 சதவீதம்தான் சரியா வருது. மங்கலான வீடியோவுல தன் காலேஜ் வாத்தியார்களைப் பசங்க சுலபமா கண்டுபிடிச்சாங்க. அவங்களைத் தெரியாத போலீஸ்காரங்க மத்த தெரியாதவங்க அளவுக்குத்தான் பண்ணாங்க.

14/
இப்ப "கவனிச்சிருந்தா தெரியும்"ங்கிறவங்களுக்கு. அமெரிக்காவுல வட கரோலினா. 1984 ஜூலை. ஜெனிஃபர் தாம்ப்சன்னு 22 வயசு கல்லூரி மாணவி. வீட்டுக்குள்ள புகுந்தவன் அவரைப் பலாத்காரம் பண்றான். அந்த நேரத்துலயும் அவர், உயிரோட தப்பிச்சா இவனை அடையாளம் காட்டியே ஆகணும்னு, அவன் முகத்த அங்குலம் அங்குலமா மனப்பாடம் பண்றார். இதைவிட யார் கவனிச்சிட முடியும்?

போட்டோ வரிசையில ரொனால்டு காட்டன்ங்கிறவரைக் காட்டினார். அப்புறம் நேர்ல வரிசையா நிக்க வெச்சப்பவும் அவரையே. நீ படத்துல காட்டின அதே ஆள்தான்னு போலீஸ் சொன்னதும் அவருக்கு சந்தேகமே போச்சு. 1987ல மறு விசாரணை. நிஜமான குற்றவாளி பாபி பூலைக் கோர்ட்டுல கொண்டு வந்து நிறுத்தினாங்க. இவனைப் பாத்ததே இல்லன்னு சொன்னார். 1995ல டி.என்.ஏ. பரிசோதனையில உண்மை வெளிய வந்தது. காட்டன் செய்யாத குற்றத்துக்கு பத்தரை வருஷம் உள்ள இருந்துட்டார். பின்னாடி ரெண்டு பேரும் நண்பர்களாகி, சேர்ந்து புத்தகம் எழுதினாங்க, ஊர் ஊரா போய்ப் பேசினாங்க.

அந்தப் பெண் மேல எந்தத் தப்பும் இல்ல. மூளை அப்படித்தான் வேலை செய்யுது.

15/
பயம் முகத்த 'பசுமரத்தாணி' மாதிரி பதிய வெக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அமெரிக்க ராணுவத்துல எதிரிகிட்ட மாட்டினா எப்படித் தாக்குப்பிடிக்கிறதுன்னு நிஜமாவே மிரட்டிப் பயிற்சி குடுப்பாங்க. அதுல இருந்த 500க்கும் மேற்பட்ட வீரர்களைச் சோதிச்சாங்க (2004). தன்னை நேருக்கு நேர் அரை மணி நேரத்துக்கு மேல விசாரிச்ச ஆளை ஒரு நாள் கழிச்சு வரிசையில காட்டணும். மிரட்டல் குறைவா இருந்தப்போ 62 சதவீதம் பேர் சரியா காட்டினாங்க. மிரட்டல் கடுமையா இருந்தப்போ 30 சதவீதம். ஆரோக்கியமான, பயிற்சி பெற்ற ராணுவக்காரங்க அவங்க.

16/
அப்போ அந்த உறுதி எங்கிருந்து வருது? 1998ல ஒரு ஆய்வு. ஆட்களுக்கு ஒரு வீடியோ காட்டிட்டு, போட்டோக்கள்ல குற்றவாளியக் காட்டச் சொன்னாங்க. அந்தப் போட்டோக்கள்ல அவன் இல்லவே இல்ல. ஆனா எல்லாருமே யாரையோ ஒருத்தரைக் காட்டினாங்க. அதுல சில பேர்கிட்ட மட்டும், "நல்லது, சரியான ஆளைத்தான் காட்டியிருக்கீங்க"ன்னு ஒரு வரி சொன்னாங்க.

அவ்வளவுதான். "எவ்வளவு உறுதியா இருந்தீங்க?"ன்னு பிறகு கேட்டா, அவங்க உறுதி ஏறிப்போச்சு. அது மட்டும் இல்ல. முகம் தெளிவா தெரிஞ்சது, நல்லா கவனிச்சேன், டக்குனு கண்டுபிடிச்சேன்னு, நடந்ததோட ஞாபகமே மாறிப்போச்சு.

நம்ம ஊர்ல இந்த ஒரு வரியச் சொல்ல எத்தன பேர் இருக்காங்க? ஸ்டேஷன்ல ஒருத்தர், வீட்டுல நாலு பேர், வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர், டிவியில ஒரு சேனல்.

17/
இப்ப முதல் ட்வீட்டுக்கு வாங்க. முகத்த மூடுறது மரியாதைக்கு இல்ல. அடையாள அணிவகுப்புக்காக. பிடிபட்டவரை அவர மாதிரியே இருக்கிற வேற ஆட்களோட கலந்து நிக்க வெச்சு, மாஜிஸ்திரேட் முன்னாடி சாட்சி வந்து காட்டணும். பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 9, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல பிரிவு 7. சாட்சி அதுக்கு முன்னாடி அந்த முகத்த வேற எங்கயும் பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டா, அவர் காட்டப்போறது சம்பவத்துல பாத்த முகமா, செய்தியில பாத்த முகமான்னு அவருக்கே தெரியாது.

முன்ன பின்ன தெரியாத ஆளை, அணிவகுப்பே இல்லாம, நேரா கோர்ட் கூண்டுல முதல் தடவயா பாத்து "இவர்தான்"னு சொன்னா அதுக்கு மதிப்பு இல்லன்னு உச்ச நீதிமன்றம் 1979லயே கேரள வழக்கு ஒண்ணுல சொல்லியிருக்கு. பின்னாடி வந்த தீர்ப்புகள் அதைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்த வழக்கப் பொறுத்து நம்பலாம்னு சொல்லுது. ஆனா அடிப்படை சந்தேகம் அப்படியே இருக்கு.

ஆக, "முகத்தக் காட்டு"ன்னு நீங்க கத்தி, சேனல் காட்டி, சாட்சி வீட்டுல உக்காந்து பாத்தா என்ன ஆகும்? அவன் நிஜமாவே குற்றவாளியா இருந்தா, அவனோட வக்கீலுக்கு நீங்களே பாயிண்ட் எடுத்துக் குடுத்திட்டீங்க. நிரபராதியா இருந்தா, அவன் வாழ்க்கைய முடிச்சிட்டீங்க. எந்தப் பக்கம் விழுந்தாலும் நஷ்டம் பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான்.

18/
தெரிஞ்ச முகம்னா பிரச்சனையே இல்லையான்னு கேட்டா, காலமும் காயமும் நடுவுல வந்தா அங்கயும் தடுமாறும். நம்ம நாட்டு வரலாற்றுலயே பெரிய உதாரணம் பாவல் சந்நியாசி வழக்கு. டாக்கா பக்கத்து ஜமீனோட ரெண்டாவது குமாரர் 1909ல டார்ஜிலிங்ல இறந்து எரிச்சாச்சுன்னு செய்தி. 1921ல ஒரு சந்நியாசி வந்து "நான்தான் அவன்"ங்கிறார். அக்கா 'ஆமா'ங்கிறாங்க. மனைவி 'இல்லவே இல்ல'ங்கிறாங்க. வழக்குல ஆயிரத்துக்கும் மேல சாட்சிகள், ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணி. ஆதாயத்துக்காகச் சொன்னவங்களக் கழிச்சாலும், மனசார நம்பித் தப்பா சொன்னவங்க எத்தன பேரோ.

நீதிபதி பன்னாலால் பாசு 1936ல சந்நியாசி பக்கம் தீர்ப்பு சொன்னார். எதை வெச்சு? முகத்த மட்டும் வெச்சு இல்ல. கால்ல செதில் செதிலான தோல், வண்டிச் சக்கரம் ஏறின தழும்புன்னு உடம்புக் குறிகளை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1946ல அதையே உறுதி பண்ணுச்சு. ஏ.ஆர். புத்தகத்துல நான் மச்சம் தேடுறதப் பாத்து சிரிச்சீங்களே!

19/
பக்கத்துல சொல்லணும்னா 2023 ஜூன் 2, பாலசோர். சென்னைக்கு வந்துக்கிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். செத்துப்போனவங்க போட்டோவ வரிசையா பாத்து சொந்தக்காரங்க தேட வேண்டிய நிலைமை. ஒரே உடலுக்கு ரெண்டு மூணு குடும்பம் உரிமை கேட்டாங்க. கடைசில டி.என்.ஏ. எடுத்துத்தான் குடுக்க முடிஞ்சது. பிணவறையில நான் பாத்த வரைக்கும், துக்கத்துல நிக்கிறவங்க ரெண்டு விதமா தப்பு பண்ணுவாங்க. இருக்கக் கூடாதுன்னு நினைச்சு "இது எங்க ஆள் இல்ல"ம்பாங்க. இல்லன்னா, தேடி அலைஞ்ச களைப்புல "ஆமா, இதுதான்"ம்பாங்க. அதனால துணி, கயிறு, பச்சை குத்தினது, ஆபரேஷன் தழும்புன்னு கேட்டுக்கிட்டே இருப்போம். நோகடிக்கக் கேக்கல, கோவிச்சுக்காதீங்க.

20/
எனக்கு நிஜமா கோவம் வர்ற இடம் இனிமேதான். வடமாநிலத் தொழிலாளர்களைப் பத்தி நம்ம ஆளுங்க ஒரு நாளைக்கு நாலு தடவ சொல்றது: "எல்லாவனும் ஒரே மாதிரி இருக்கானுங்க." என்னமோ விருத்தாசலம் பொம்மை மாதிரி ஒரே அச்சுல வார்த்து எடுத்தாப்ல. பழகாத இனத்து முகங்களைப் பிரிச்சுப் பாக்குறதுல மனுஷ மூளை பலவீனம்ங்கிறது உலகம் பூரா நிரூபிச்ச விஷயம், அதுல ஆச்சரியம் இல்ல. அவங்களுக்கும் நாம அப்படித்தான் தெரிவோம். இன்னொண்ணு, அப்படிப்பட்ட முகங்கள்ல எது ஞாபகம் இருக்கும், எது இருக்காதுன்னு முன்கூட்டியே கணிக்கிறதுலயும் நாம மோசம்னு 2012ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு.

ஆனா செல்போன் காணாமப் போன அன்னைக்கு மட்டும் அதே வாய், "அவன்தான், எனக்கு நல்லா தெரியும்"னு சொல்லுது. ஒரே மாதிரி இருக்கானுங்கன்னா எப்படிய்யா இவன்தான்னு தெரியும்? ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்க.

21/
2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். சென்னையில இருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், வழி கேக்க வண்டிய நிறுத்தியிருக்காங்க. குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்திருக்காங்க. பிள்ளை பிடிக்கிற கூட்டம்னு ஊர் திரண்டு அடிச்சதுல 65 வயசு அம்மா இறந்துட்டாங்க. அதே வாரம் பழவேற்காட்டுலயும் ஒரு ஆளை அடிச்சே கொன்னாங்க. பிள்ளை பிடிக்கிறவனோட முகத்த அந்த ஊர்கள்ல யாருமே பாத்ததில்ல. வாட்ஸ்அப்ல வந்தது ஆடியோவும் யாரோ யாரோட படமும். இருந்தும் அத்தன பேருக்கும் அவ்வளவு உறுதி.

இந்த மாதிரி அடிபட்டு வர்றவங்களுக்குத்தான் நான் ஏ.ஆர். எழுதுறேன். விலா எலும்பு, கண்ணுக்குள்ள ரத்தம், விரல்ல எலும்பு முறிவு. கூட வந்த கூட்டம் வெளிய நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்கும். "நிச்சயமா இவன்தானா?"ன்னு கேட்டா, ஒருத்தர் பக்கத்துல இருக்கிறவரைக் காட்டுவார், அவர் இன்னொருத்தரைக் காட்டுவார். சம்பவத்துல நேர்ல பாத்த ஆள் அந்தக் கூட்டத்துலயே இருக்க மாட்டார்.

22/
கேள்விகள் வரும்னு தெரியும்.

"அப்போ பாதிக்கப்பட்ட பொண்ணு சொல்றத நம்பக் கூடாதா?" இந்த த்ரெட்ட அதுக்குத் தூக்கிட்டு வராதீங்க. பலாத்கார வழக்குகள்ல 90 சதவீதத்துக்கும் மேல செஞ்சவன் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்லுது. மாமா, பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார், மேனேஜர். அதெல்லாம் தெரிஞ்ச முகம். நான் பேசுறது முன்ன பின்ன பாக்காத முகத்தப் பத்தி மட்டும்.

"சாட்சியே வேண்டாமா?" வேணும். முறையா நடத்தின முதல் அடையாளம் காட்டல்ல, யாரும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி, சாட்சி எவ்வளவு உறுதியா இருந்தார்ங்கிறதுக்கு நல்ல மதிப்பு உண்டுன்னு இந்தத் துறை ஆய்வாளர்களே சொல்றாங்க. மூணு வருஷம் கழிச்சு கோர்ட்டுல தெரியுற உறுதிக்கு அந்த மதிப்பு கிடையாது.

"சில பேர் நிஜமாவே சூப்பரா ஞாபகம் வெச்சிருக்காங்களே?" இருக்காங்க. அந்த மாதிரி ஆட்களை லண்டன் போலீஸ் தனியா பயன்படுத்தியிருக்கு. டெஸ்ட் வெச்சுத் தேர்ந்தெடுக்கணும். "என்கிட்ட அந்தத் திறமை இருக்கு"ன்னு கை தூக்கினவங்கள இல்ல.

23/
நீங்க ஒரு சம்பவத்த நேர்ல பாத்தீங்கன்னா, வேற யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க. உயரம், வயசு, சட்டை, பேச்சு, தழும்பு, பச்சை, நடை. எவ்வளவு தூரத்துல, எவ்வளவு நேரம், என்ன வெளிச்சத்துல பாத்தீங்க. தெரியாதத "தெரியல"ன்னே எழுதுங்க. தேதி, நேரம் போட்டு வையுங்க. போலீஸ் செல்போன்ல ஒரே ஒரு படத்தக் காட்டி "இவனா பாருங்க"ன்னா, "மாஜிஸ்திரேட் முன்னாடி வரிசையில காட்டுங்க சார், அங்க சொல்றேன்"னு பணிவா சொல்லுங்க.

"இவனை எங்காவது பார்த்தால் பிடித்து வையுங்கள், அதிகம் பகிரவும்"னு ஒரு படம் இப்பவும் உங்க குரூப்ல கிடக்கும். யாரு எடுத்தது, எந்த ஊரு, எந்த வருஷம்னு அதுல இருக்காது. அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. போட்டவர் உங்க மாமாவா இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்க. நிஜமாவே தகவல் இருந்தா 100க்கோ 112க்கோ கூப்பிட்டுச் சொல்லுங்க.